எடுத்த இடத்திலேயே வைப்பது: காவிரிப் படுகையில் ஒரு தேர்வுக் கணக்கு

தை அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டிருந்த ஒரு மாலையில் என் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். நன்னிலம் பக்கத்தில் அவருக்கு ஆறு மா நிலம், ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அவர் வரப்பை ஒட்டி ஒரு காலத்தில் எரிவாயு எடுத்த கிணறு ஒன்று இருந்தது. அது வற்றியதும் மூடிவிட்டு, இடத்தைச் சமன்செய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அங்கே சம்பா விளைகிறது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து நிலத்தடியில் புதைக்கும் திட்டங்களைப் பற்றி அவர் செய்தித்தாளில் படித்திருக்கிறார். "ஏன் தம்பி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன? இடம் காலியாகத்தானே இருக்கிறது?" என்றார்.

கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். இருந்தும் அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு என் பழைய மாணவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு தேர்வுப் பயிற்சியாக அதைச் செய்து பார்த்தோம். டெல்டாவில் தீர்ந்துபோன எரிவாயு வயல் (நிலத்தடிப் பாறையில் வாயு தங்கியிருந்த இடம்) ஒன்றைக் கரியமில வாயுச் சேமிப்புக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், எதை முதலில் பார்ப்பது, எதனால் தள்ளுவது, எதனால் கொள்ளுவது? இது எந்த நிறுவனத்துக்காகவும் செய்த ஆய்வு அல்ல. கீழே வரும் கணக்குகளில் உள்ள அளவுகள் கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு வயலின் அளவும் அல்ல.

சித்தப்பாவின் உள்ளுணர்வு சரியான இடத்தில்தான் தொடங்குகிறது. இயற்கை எரிவாயுவைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒழுகாமல் வைத்திருந்த பாறை, தன் மூடியின் தரத்தைத் தானே நிரூபித்துவிட்டது. அங்கே அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, பாறையின் நுண்துளைகள் எப்படி என்ற விவரங்களெல்லாம் கிணறு தோண்டியபோதே எழுதி வைத்தவை. வாயு வெளியேறியதால் உள்ளே அழுத்தமும் குறைந்திருக்கிறது. புதிதாக ஒன்றைச் செலுத்த அது வசதி. உலகில் இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் கடற்பகுதியில் கே12-பி என்ற வயலில் 2004 முதல், எரிவாயுவோடு கலந்து வந்த கரியமில வாயுவைப் பிரித்து, அது வந்த பாறைக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ஒட்வே பகுதியில் 2008-இல் தொடங்கி, சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த தீர்ந்துபோன வயலில் 65,000 டன் செலுத்தினார்கள். பிரான்சின் ரூஸ் வயலில் 2010 முதல் 2013 வரை சுமார் 51,000 டன், 4,500 மீட்டர் ஆழத்தில்.

ஆகவே "முடியுமா" என்பது கேள்வி இல்லை. இங்கே முடியுமா என்பதுதான் கேள்வி.

காவிரிப் படுகை, கோண்டுவானா என்ற பழங்காலப் பெருநிலப்பரப்பு உடைந்தபோது பிறந்தது. கிழக்கு ஓரம் பிளந்து, சில துண்டுகள் சரிந்து பள்ளங்களாகவும் சில துண்டுகள் மேடுகளாகவும் நின்றன. அந்தப் பள்ளங்களில் மணலும் களியும் மாறி மாறி நிரம்பின. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர் என்று பள்ளங்களுக்கு ஊர்ப்பெயர். கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி என்று இடையே நிற்கும் முகடுகளுக்கும் ஊர்ப்பெயர். பாறை அடுக்குகளுக்கும் அப்படியே. கீழிருந்து மேலாகச் சொன்னால் ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி என்று போகும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் டெல்டா மாணவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தான் பஸ் ஏறும் ஊரின் பெயரில், தன் காலடிக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு பாறை இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? இந்த அடுக்குகளில் மணற்பாறை வாயுவைத் தாங்குகிறது. அதன் மேல் கிடக்கும் களிப்பாறை மூடியாக நிற்கிறது.

ஆனால் பிளவுகளால் துண்டாடப்பட்ட படுகை இது. வயல்களும் துண்டு துண்டாகவே இருக்கின்றன. இந்த உண்மை முதல் கணக்கிலேயே முகத்தில் அறைந்தது.

மேற்பரப்பு அளவில் 100 கோடி கன மீட்டர் எரிவாயு கொடுத்துத் தீர்ந்த ஒரு வயலை எடுத்துக்கொண்டோம். ஆழம் 2,000 மீட்டர், தொடக்க அழுத்தம் 200 பார் (தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு), வெப்பம் 88 டிகிரி. இந்த நிலையில் அந்த வாயு பாறைக்குள் அடைத்திருந்த இடம் சுமார் 58 லட்சம் கன மீட்டர்தான். அதே இடத்தில் அதே அழுத்தத்தில் கரியமில வாயு இருந்தால், ஒரு கன மீட்டரில் 550 கிலோ அளவுக்கு அடங்கும். பெருக்கினால் 30 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். எடுத்த 100 கோடி கன மீட்டரை எரித்தால் வரும் கரியமில வாயு 19 லட்சம் டன்னுக்கு அருகில்தான். அப்படியானால் வயல், தான் கொடுத்த வாயுவின் புகையை முழுதாக வாங்கிக்கொண்டு, அதற்கு மேலும் கொள்ளும். இந்த இடத்தில் சித்தப்பா எங்களோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் வெற்றிடத்தில் ஒரு பகுதியை அடித்தண்ணீர் ஏறிப் பிடித்திருக்கும், ஓரங்களுக்குச் செலுத்தும் வாயு எட்டாது, பழைய மீத்தேன் கொஞ்சம் தங்கியிருக்கும். பத்தில் ஆறு பங்கு பயன்படும் என்று வைத்தால் மறுபடி 19 லட்சம் டன்னுக்கே வந்து நிற்கிறோம்.

இதை நெய்வேலியின் அளவோடு ஒப்பிட வேண்டும். பழுப்பு நிலக்கரியில் ஓடும் 500 மெகாவாட் அலகு ஒன்று ஓர் ஆண்டில் வெளியிடுவது ஏறத்தாழ 30 லட்சம் டன். எங்கள் கணக்கு வயல் ஓர் அலகுக்கு எட்டு மாதம்கூடப் போதாது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுகத்தின் போர்த்தோஸ் திட்டம், கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, கடலடிக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே உள்ள பழைய எரிவாயு வயல்களில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் வீதம் 15 ஆண்டுகள் செலுத்தத் திட்டமிட்டது. அந்த அளவு வயல்களைத் துண்டு துண்டான நம் படுகையில் தேடுவது, குட்டையில் வலைபோட்டு வஞ்சிரம் தேடுவதைப் போன்றது.

அடுத்தது வெப்பம். கரியமில வாயு 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல், இரண்டின் குணமும் கொண்ட அடர்நிலைக்கு வருகிறது. அதனால் 800 மீட்டருக்குக் கீழே சேமிக்கலாம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்த விதி எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். தரையின் சராசரி வெப்பம் 10 டிகிரி உள்ள நாட்டில், கிலோமீட்டருக்கு 30 டிகிரி கூடினால், 800 மீட்டரில் 34 டிகிரி. திருவாரூரில் தரையே 28 டிகிரியில் தொடங்குகிறது. அதே ஆழத்தில் இங்கே 52 டிகிரி. அழுத்தம் இரண்டு இடத்திலும் 80 பார்தான். ஆனால் இங்கே அடர்த்தி அங்கே இருப்பதில் பாதிகூடத் தேறாது. நம் மண்ணில் 800 மீட்டர் என்பது ஏமாற்றும் எண். 1,500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தையே நாங்கள் கணக்கில் எடுத்தோம். குளிர்நாட்டு எண்ணை அப்படியே நம் அறிக்கைகளில் ஒட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருந்தது.

சில வகை வயல்களை எளிதாகத் தள்ளிவிடலாம். மாதானம் பக்கத்தில் இருப்பதுபோல அடிப்பாறையின் விரிசல்களில் எண்ணெயும் வாயுவும் தங்கிய வயல்களில், உள்ளே செலுத்துவது எந்த விரிசல் வழியே எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம். எண்ணெயும் வாயுவும் சேர்ந்த சிறு வயல்களில் கிணறுகள் நெருக்கம்; அது ஏன் ஆபத்து என்பது பின்னால் வரும். அடுத்து, தண்ணீர் ஏறிய வயல்கள். எடுத்த வாயுவின் அளவை ஒரு பக்கமும் உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை மறுபக்கமும் வைத்துக் கோடு போட்டால், அது நேராக இறங்கினால் மூடிய பானை. நடுவில் வளைந்து மேலே நின்றால், வாயு போன இடத்துக்கு நீர் வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பானை காலி இல்லை. "இடம் காலியாகத்தானே இருக்கிறது" என்ற சித்தப்பாவின் சொல் முதலில் தடுக்கும் இடம் இதுதான்.

நேர்கோடு வந்த வயலிலும் ஒரு சிக்கல் உண்டு. வாயு வெளியேறி அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தால், பாறை தாங்கும் எல்லையும் கூடவே இறங்கிவிடுகிறது. தொடக்கத்தில் தாங்கிய அழுத்தத்தைத் திரும்ப ஏற்றும்போது அது அப்படியே தாங்கும் என்று எண்ணக் கூடாது. ரூஸ் வயலில் அழுத்தம் 485 பாரிலிருந்து 42 பாருக்கு இறங்கியிருந்தது. அவ்வளவு தாழ்ந்த இடத்துக்குள், அடர்ந்த நிலையில் குழாயில் வரும் கரியமில வாயு சட்டென்று விரிந்தால் கடுமையாகக் குளிரும். கிணற்றுக்கருகே நீரோடு சேர்ந்து பனிபோல் உறைந்து அடைக்கும். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் குழாய்க்கும் சிமெண்ட்டுக்கும் இடையே முடியளவு இடைவெளி விழும். முடியளவு போதும்.

அங்கிருந்துதான் நாங்கள் கிணறுகளுக்கு வந்தோம். வந்தபின் வேறெதையும் பற்றி நீண்ட நேரம் பேசவே இல்லை.

கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒழுகாத மூடி அது என்று மேலே சொன்னேன். அந்த மூடியில் முதல் ஓட்டையைப் போட்டவர்கள் நாம். வாயுவை எடுக்க வேண்டுமென்றால் களிப்பாறையைத் துளைத்தே ஆக வேண்டும். காவிரிப் படுகையில் ஆழ்கிணறு தோண்டுவது 1964-இல் தொடங்கியது. அதற்குப் பின் தோண்டிய ஒவ்வொரு கிணறும், வாயு கிடைத்ததும் கிடைக்காததும், மூடியில் ஒரு துளை. துளையைச் சுற்றி இரும்புக் குழாயும் சிமெண்ட்டும் நிற்கின்றன. எரிவாயு எடுக்கும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு அவை போதும். கரியமில வாயு நீரில் கரைந்தால் காடி (அமிலம்) ஆகிறது. சாதாரண இரும்பை அது அரிக்கும். போர்ட்லண்ட் சிமெண்ட்டை முதலில் சுண்ணாம்புக்கல்லாக மாற்றி, நீரோட்டம் தொடர்ந்தால் அந்தக் கல்லையும் கரைத்துக்கொண்டு போகும். நல்ல சிமெண்ட் அடைப்பு மெதுவாகவே தேய்கிறது என்பதும் உண்மை. ஆபத்து பெரும்பாலும் சிமெண்ட்டின் உடம்பில் இல்லை. ஒட்டாமல் விட்ட விளிம்பில் இருக்கிறது.

அல்ஜீரியாவின் இன்சாலா திட்டத்தில் 2004 முதல் 2011 வரை ஏறத்தாழ 38 லட்சம் டன் செலுத்தினார்கள். 2007-இல், செலுத்திய வாயு ஒரு பழைய ஆய்வுக் கிணற்றின் வாய்ப்பகுதியில் கசிவதைக் கண்டார்கள். அந்தக் கிணற்றை அடைத்துச் சரிசெய்தார்கள். 2024-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்ற ஊரில், கண்காணிப்பதற்கென்றே தோண்டிய கிணற்றின் குழாய் அரித்து, செலுத்திய வாயு அனுமதித்த அடுக்குக்கு வெளியே போனது. இரண்டிலும் வழிவிட்டது கிணறுதான்.

ஒரு கிணற்றை நிரந்தரமாக மூடும்போது, உள்ளே சில இடங்களில் சிமெண்ட் அடைப்புகள் வைத்து, மேற்குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்து, இரும்புத் தட்டைப் பற்றவைத்து, மண் மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். உழவனுக்கு அது நல்லது. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அந்தக் கிணற்றைத் தேடுகிறவனுக்குக் கண்ணில் படுவது நெற்பயிர் மட்டும்தான். ஆவணத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்குமே என்பீர்கள். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் அளவை முறையில் போட்டவை. இன்று கைப்பேசி காட்டுவது வேறு அளவை முறை. மாற்றாமல் அப்படியே எண்ணைப் போட்டால், நம் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். நூறு மீட்டர் என்றால் சித்தப்பாவின் ஆறு மாவைத் தாண்டி அடுத்தவர் கொல்லை.

இதைச் சோதிக்க நாங்கள் ஒரு நாள் காலையில் அவரோடு போனோம். பழைய குறிப்பில் இருந்த எண்ணை மாற்றாமல் கைப்பேசியில் இட்டபோது, அது எங்களை வாய்க்காலுக்கு அக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. சித்தப்பா அக்கரைக்கு வரவே இல்லை. வரப்பில் நின்றபடி, "இங்கே வாருங்கள். ரிக் நின்றது இந்த ஒதிய மரத்துக்கு நேரே. அந்த இடத்தில் இன்றும் நாற்று வேர் பிடிக்கப் பத்து நாள் கூடுதலாகிறது. மண் இறுகிவிட்டது" என்றார். அளவை முறையை மாற்றிக் கணக்கிட்டபோது அவர் காட்டிய இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றோம். என் மாணவர்களில் ஒருவர் பேசாமல் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

அன்றோடு எங்கள் தேர்வு முறையே தலைகீழானது. முன்பு கொள்ளளவு, ஆழம், மூடுபாறை, பிளவுகள், கடைசியாகக் கிணறுகள் என்று வரிசை வைத்திருந்தோம். இப்போது கிணறுகளை முதலில் வைத்தோம். மூடுபாறையைத் துளைத்த எல்லாக் கிணறுகளின் பட்டியல் முழுமையாக இருக்கிறதா? ஒவ்வொன்றின் இடமும் தரையில் நின்று உறுதிசெய்யப்பட்டதா? சிமெண்ட் குழாயோடு ஒட்டியிருந்ததைக் காட்டும் பதிவு உண்டா? அடைப்பு மூடுபாறைக்கு நேரே வைக்கப்பட்டதா, அல்லது வேறெங்காவதா? இவற்றுக்கு விடை இல்லாத வயலுக்கு மற்ற கேள்விகளைக் கேட்கவே தேவையில்லை. இந்தச் சல்லடையில் போட்டால், கிணறுகள் நெருங்கி நிற்கும் பழைய, ஆழம் குறைந்த வயல்கள் எல்லாம் விழுந்துவிடுகின்றன. நிற்பவை, ஆழமான, சில கிணறுகளே உள்ள, பிற்காலத்தில் தோண்டிய சிறு வயல்கள். அவற்றின் கொள்ளளவோ மேலே பார்த்ததுபோல மிகச் சிறிது. பாதுகாப்பானது சிறியது, பெரியது ஓட்டைகள் நிறைந்தது. டெல்டாவின் தரைப்பகுதி பற்றி எங்கள் கணக்கு சொல்வது இவ்வளவுதான்.

மேலே இருக்கும் நிலத்தையும் சொல்ல வேண்டும். எரிவாயு அடுக்குகளுக்கு மேலே, ஆழம் குறைந்த இடத்தில், கடலூர் மணற்பாறை என்ற நீர்த்தாங்கி கிடக்கிறது. மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணறு வைத்தவர்களின் பயிரைக் காப்பாற்றியது அதுதான். கடற்கரைப் பக்கம் ஏற்கனவே உப்பு ஏறிவருகிறது. அதற்குள் கரியமில வாயு கசிந்தால் நீர் காடித்தன்மை பெற்று, மணலில் ஒட்டிக்கிடக்கும் மாங்கனீசு, ஆர்சனிக் போன்றவற்றைக் கரைத்தெடுக்கும். குடிநீருக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேண்டாம்.

காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு இது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே கரியமில வாயுக் குழாய் உடைந்தபோது, அது தாழ்ந்த பகுதிகளில் தேங்கியது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். வாகன என்ஜின்கள் மூச்சுத்திணறி நின்றன. தட்டையான நம் ஊர்களில், மார்கழியில் காற்றே அசையாத இரவுகளில், களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் படுப்பவர்களை நினைத்துக்கொண்டேன். சேமிக்கும் பாறையைவிட அதற்கு வரும் குழாய்தான் மக்களுக்கு அருகில் ஓடும். 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததை டெல்டா மறக்கவில்லை.

கண்காணிப்பிலும் நம் நிலம் தனி. இன்சாலாவில் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் ரேடாரால் அளந்தார்கள். அது பாலைவனம். ஆண்டில் பாதி நாள் நீர் நிற்கும், மீதி நாள் பயிர் அசையும் நிலத்தில் அந்த ரேடார் அலை குழம்பிவிடும். மண்ணிலிருந்து வரும் வாயுவை அளக்கலாம் என்றால், நெல்வயலே மீத்தேனும் கரியமில வாயுவும் விடுகிறது. குறுவை, சம்பா, தாளடி, கோடைத் தரிசு என்று ஒவ்வொரு பருவத்துக்கும் இயல்பளவை முன்கூட்டியே சில ஆண்டுகள் எடுத்து வைத்திருந்தால்தான், பிறகு கசிவைக் கசிவென்று சொல்ல முடியும். அந்த வேலையை ஒரு டன் வாயு செலுத்தும் முன்பே தொடங்க வேண்டும்.

மக்கள் ஒப்புதலைப் பற்றி ஒரே ஒரு எடுத்துக்காட்டு. நெதர்லாந்தின் பாரெண்ட்ரெக்ட் நகரத்துக்குக் கீழே தீர்ந்துபோன எரிவாயு வயல்கள் இருக்கின்றன. பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவை அங்கே வைக்கத் திட்டமிட்டார்கள். பாறை பொருத்தமானது என்றே வல்லுநர்கள் சொன்னார்கள். ஊர் ஒப்பவில்லை. 2010 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் அந்த நாடு சேமிப்பைக் கடலுக்கு நகர்த்தியது. போர்த்தோஸ் அப்படி வந்ததுதான். நம் டெல்டா 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் பெற்றது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அது தடை. சேமிப்புக்கும் புதிய கிணறுகள் வேண்டும், செலுத்த ஒன்று, கண்காணிக்கச் சில. அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் நின்றவர்களிடம் போய், "இது வெளியே எடுப்பது இல்லை, உள்ளே வைப்பது" என்று மட்டும் சொன்னால் போதும் என்று யாராவது எண்ணினால், அவர்கள் இந்த மக்களை அறியாதவர்கள்.

எங்கள் முடிவை இப்படி எழுதினோம். டெல்டாவின் தரைப்பகுதியில், பெரிய அளவுச் சேமிப்புக்கு நாங்கள் வைத்த சல்லடையில் எந்த வகை வயலும் தேறவில்லை. நீர் ஏறாத, 1,500 மீட்டருக்குக் கீழான, ஐந்துக்கும் குறைவான கிணறுகள் கொண்ட சிறு மணற்பாறை வயல் ஒன்றில், ஊர் ஒப்பினால், சில ஆயிரம் டன் அளவில் ஒரு சோதனை செய்து கற்கலாம். பெரிய அளவுக்குக் கடற்பகுதியைத் தனியே ஆராய வேண்டும். அங்கே நெல்வயலும் இல்லை, வீடும் இல்லை. ஆனால் மீனவர் இருக்கிறார்கள் என்பதையும் எழுதினோம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்படியானால் இந்தக் கிணற்றை மூடிவிட்டுப் போனவர்கள் அதற்குப் பிறகு ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்க வேண்டுமே" என்றார். "வந்தார்களா?" என்று கேட்டேன். "யாரும் வரவில்லை. நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்."

அன்றிரவு கிணற்றுப் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தோம். கிணற்று எண், ஆழம், தோண்டிய ஆண்டு, மூடிய ஆண்டு, சிமெண்ட் பதிவு ஆகியவற்றுக்குப் பக்கத்தில், "இடத்தை நேரில் காட்டக்கூடியவர், வயது" என்று. முதல் வரிசையில் சித்தப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 78 என்று போட்டேன். அதற்குக் கீழே உள்ள வரிசைகளை நிரப்ப மாணவர்கள் இருவரும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.